பூட்டிய பக்கம்

அவள் இன்னும் கையே வைக்கவில்லை. அதற்குள் திரையின் வலது மூலையில் ஒன்று என்று விழுந்திருந்தது.

வார விடுமுறை, காலை பதினொரு மணி. நான்காம் மாடியில் நாற்பது நாற்காலிகளில் அவளுடையது தவிர எல்லாம் மேசைக்கு அடியில் தள்ளிக் கிடந்தன. சன்னல் மறைப்புகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாகத் தரைவிரிப்பில் விழுந்தது. குடிதண்ணீர் இயந்திரம் அவ்வப்போது களுக்கென்று ஒரு குமிழி விட்டது. யாராவது பயப்படுகிற நேரமா அது? பேய்கூடக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

அந்த ஒன்று எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு புரோகிராம் ஓடும்போது இயங்குதளம் அதற்கு நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் உத்தரவு உண்டு. சிலவற்றில் படிக்கலாம், எழுதலாம். சிலவற்றில் படிக்க மட்டும்தான். அப்படிப் பூட்டிய பக்கத்தில் எழுதப் போனால் இயங்குதளம் பிடரியில் கை வைத்து வெளியே தள்ளிவிடும். கணினியின் வன்வட்டில் சேமித்துக் கிடக்கும் பழைய கோப்பு ஒன்றைக்கூட இதே போலப் பக்கங்களாக நினைவகத்தில் விரித்துக்கொள்ளலாம். அவள் காலையிலிருந்து செய்திருந்தது அதைத்தான். கோப்பை விரித்தாள், எல்லாப் பக்கங்களையும் பூட்டினாள், பூட்டிய பக்கத்தில் எழுத முயற்சி நடந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிக் காட்ட ஓர் எண்ணியும் வைத்தாள். எழுதக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

எண்ணி இரண்டுக்குப் போனது.

“சீ, பழைய மெஷின்” என்று வாய்விட்டே சொன்னாள். ஆளில்லாத இடத்தில் தன் குரல் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அவளுடைய பக்கத்து இருக்கை அவனுடையது. அவன் செத்து நான்கு மாதமாகியும் அதில் யாரையும் உட்கார வைக்கவில்லை. மெத்தையில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. அந்த அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பூட்டு. எதைத் தொட்டாலும் பூட்டுவான். நினைவகத்தில் ஒரு பட்டியலை ஏற்றி முடித்த கையோடு அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. யாராவது பூட்டாமல் விட்டதைப் பார்த்தால், தொண்டையை இரண்டு முறை கனைப்பான், “திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி ஆயிரும்டா, பாத்துக்க” என்பான். அவன் பூட்டினால் திறந்து வேலையை முடித்துக் கொடுப்பவள் அவள். அதனால் அவளுக்குப் பெயர் சாவி. இரண்டு பேருடைய கணினிகளுக்கும் அந்தப் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஏழு வருடம் பூட்டும் சாவியுமாக ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள்.

எல்லாரும் பேஜ் என்று சொல்ல, அவன் மட்டும் பக்கம் என்பான்.

“பேஜ்னா அது எங்கயோ கெடக்கு. பக்கம்னு சொல்லிப் பாரு சாவி, பக்கத்துலயே இருக்கற மாதிரி இருக்குல்ல?”

அப்போது அவள் சிரித்தாள். அவன் சொன்ன எல்லாவற்றுக்கும்தான் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போது வாயெல்லாம் கசக்கிறது.

அவர்கள் செய்தது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். நோயாளியின் கையில் ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பு இருக்கிறதே, அது எந்த மருந்தை எவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரம்புப் பட்டியல் ஒரு பக்கத்தில் இருக்கும். அவன் பூட்டிய பக்கம். போன வருடம் ஒரு மதியம் அவள் எழுதிய புரோகிராம் துண்டு ஒன்று தடுமாறி அந்தப் பக்கத்தில் போய்ப் போய் முட்டியது. முட்டும்போதெல்லாம் இயங்குதளம் புரோகிராமையே நிறுத்தியது. மாலையில் அனுப்பியாக வேண்டும். தடுமாற்றத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆகும். அவள் என்ன செய்தாள் என்றால், ஒன்பது வரியில் ஒரு குறுக்கு வழி எழுதினாள். யாராவது பூட்டிய பக்கத்தில் முட்டினால், நிறுத்தாதே, சத்தம் போடாதே, பூட்டைத் திறந்துவிட்டுப் போகச் சொல்.

அதைச் சேர்க்கிற உரிமை அவன் கணக்குக்குத்தான் இருந்தது. அவன் சாப்பாட்டு டப்பாவோடு எழுந்துகொண்டிருந்தான். திரையைப் பூட்டக் கையை நீட்டினான்.

“பூட்டாத, எனக்கு ஒரு ஃபைல் பாக்கணும். நான் பக்கத்துலதான இருக்கேன், நீ போய்ச் சாப்பிட்டு வா.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். வாழ்க்கையில் அவன் பூட்டாமல் விட்டுப்போன ஒரே இடம் அது. அவள் அவனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து ஒன்பது வரியையும் சேர்த்தாள். அவன் கைகழுவி வருவதற்குள் தன் இடத்துக்கு வந்துவிட்டாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். மாலை வேலை ஓடியது, எல்லாரும் கை தட்டினார்கள், சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள், ஒரு மருத்துவமனையில் ஏழாம் எண் படுக்கையில், பிள்ளை பெற்று மூன்று நாளான ஒரு பெண்ணுக்குப் பத்து மடங்கு மருந்து ஏறி, அவள் செத்துப்போனாள். பூட்டுத் திறந்த பக்கத்தில் அந்தத் தடுமாறிய துண்டு போய் எழுதியதில், வரம்பில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தது.

விசாரணை அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் ஐந்து பேர். இந்தப் பக்கம் அவனும் அவளும். ஒன்பது வரியும் அவன் கணக்கிலிருந்து வந்திருப்பதைக் காகிதத்தில் அச்சடித்து அவன் முன்னால் வைத்தார்கள். அவன் தொண்டையை இரண்டு முறை கனைத்தான்.

“இத நான் எழுதல சார். நான் எழுதுவேனா இத? என்னப் போய்…” என்று அவளைத் திரும்பிப் பார்த்தான். “சாவி, நீயாவது சொல்லேன். என் பக்கம் பேச ஒருத்தருமா இல்ல?”

அவள் மேசையின் விளிம்பில் உரிந்திருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒன்றும் இல்லை. வீட்டுக் கடன், ஏழு வயது மகள், மானம், எல்லாம் சேர்ந்து நாக்கை அமுக்கிக்கொண்டது என்று பிறகு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானத்துக்கு என்ன, கேட்டால் கிடைக்கும்.

அவனை வேலையிலிருந்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

போன வாரம் அவனுடைய மனைவி கீழே வாசலில் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துத்தான் இவள் இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

“அவரு கடைசி வரைக்கும் உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொல்லலீங்க. ‘சாவிக்கு ஞாபகம் வந்தாச் சொல்லிருவா, வரும்’னுதான் சொல்லிட்டிருந்தாரு. நான் மனு குடுத்து மறுபடி விசாரணைக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். வெளியாளுங்க வந்து அந்தப் பொண்ணு செத்த நாளோட மெமரிய முழுசாப் பாப்பாங்களாம். எம் புருஷன் பேரு சுத்தமாயிரும்ல?”

“ஆயிரும்க்கா” என்றாள் இவள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

அந்த நாளில் கடைசியில் புரோகிராமே விழுந்திருந்ததால், அதன் நினைவகம் முழுவதும் ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தது. புரோகிராம் விழும்போது இயங்குதளம் தன் வயிற்றில் உள்ளதை அப்படியே கக்கிவிட்டுப் போகும். அதைத்தான் இன்று அவள் விரித்து வைத்திருந்தாள். அதில் ஒரு பக்கத்தில், அந்த ஒன்பது வரி எந்தக் கணினியில் பிறந்தது என்ற குறிப்பு இருந்தது. அவள் தன் கணினியில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அவன் கணக்குக்கு எடுத்துப் போயிருந்தாள். அதனால் அங்கே சாவி என்று இருந்தது. முதல் விசாரணையில் அதை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாளை பத்து மணிக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். கோப்பையே அழித்தால் மாட்டிக்கொள்வாள், அதன் பெயரும் அளவும் அவர்கள் கையில் போய்விட்டன. ஆகையால் ஒரே வழிதான். அந்த இடத்தில் சாவியை அழித்துவிட்டுப் பூட்டு என்று எழுத வேண்டும்.

செத்தவனை இன்னொரு முறை கொல்லத்தான் வந்திருந்தாள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டு, கணவனிடம் ஒரு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எண்ணி நான்கு.

இரண்டிரண்டாக ஏறியது. இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இடைவெளி ஒழுங்காக இல்லை, இயந்திரம் தட்டுகிற மாதிரி இல்லை. பேச வாயெடுத்து, கனைத்து, பிறகு பேசாமல் விட்டுவிடுகிற மாதிரி இருந்தது.

முயற்சி எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று பார்த்தாள். கோப்பில் ஆயிரக்கணக்கான பக்கங்கள். எல்லா முயற்சியும் ஒரே பக்கத்தில். அவள் பெயர் இருந்த பக்கத்தில்.

கைபேசி மேசையில் அதிர்ந்தது. அவள் துள்ளி விழுந்தாள். வீட்டிலிருந்துதான்.

“அம்மா, எப்பம்மா வருவ? அப்பா என்னைய சைக்கிள் ஓட்டக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாரு.”

“வந்துட்டே இருக்கேன் குட்டி. ஒரு பக்கம் மட்டும் பாக்கி.”

“யாரும்மா அங்க இருமறது?”

அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். பள்ளம் விழுந்த மெத்தை. காலி.

“யாருமில்லடா. ஏசி சத்தம்.”

“பூட்டு மாமா மாதிரி இருந்துச்சு” என்றாள் மகள். அவன் அடிக்கடி வீட்டுக்கு வந்து அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அவன் போய்விட்டதை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, வெளியூர் போயிருக்கிறான் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இவள் அவசரமாகக் கைபேசியை வைத்துவிட்டாள்.

இருமல் மிட்டாய் வாசனை வந்தது. தொண்டை கரகரப்புக்காக அவன் எப்போதும் வாயில் அடக்கிக்கொண்டிருப்பானே, அந்தக் காரமும் குளிர்ச்சியும் கலந்த வாசனை. அவனுடைய மேசை இழுப்பறையில் மிச்சம் இருக்கும், வெயிலுக்கு உருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இழுப்பறையைத் திறந்து பார்க்க எழுந்தவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலியாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

அந்தக் கோப்பை இன்னும் யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று கணினியைக் கேட்டாள். இரண்டு வரி வந்தது. முதல் வரியில் அவள் பெயர். இரண்டாம் வரியில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும். இந்த இயங்குதளங்களில் ஒரு வழக்கம். ஒருவர் வேலையை விட்டுப் போய் அவர் கணக்கை நீக்கினால், பெயர் போய்விடும். அவர் தொட்டவற்றின் மேல் அவருடைய எண் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உரியவன் இல்லாத எண்.

அந்த எண் யாருடையது என்று அவள் தேடிப் பார்க்கத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால், அவனை வேலையிலிருந்து அனுப்பியபோது, அந்தக் கணக்கை நீக்கியதே அவள்தான்.

எழுந்து போய்விடலாம். கதவு பதினைந்து அடி தூரம். கீழே காவலாளி இருக்கிறார், தெருவில் வெயில் இருக்கிறது, வீட்டில் மகள் சைக்கிளோடு நிற்கிறாள். ஆனால் நாளைக்குப் பத்து மணி? அந்த மகளிடம் உன் அம்மா ஓர் உயிரை, இல்லை, இரண்டு உயிரைக் கொன்றவள் என்று யாராவது சொல்வார்களே? பயம் ஒரு பக்கம், அந்தப் பத்து மணி ஒரு பக்கம். பத்து மணிதான் ஜெயித்தது. மனுஷி சாமானியப்பட்டவளா!

எழுதுவதற்கு இரண்டு வேலை பாக்கி இருந்தது. ஒன்று, விரிப்பு முறையை மாற்ற வேண்டும். தனி விரிப்பு என்றால் நீ கிறுக்குவது உன் நகலில் மட்டும்தான், கோப்புக்குப் போகாது. பொது விரிப்பு என்றால் கிறுக்கியது கோப்பிலேயே பதியும். அவளுக்குப் பொதுதான் வேண்டும். மாற்றினாள். அப்போது அவன் எப்போதோ சொன்னது காதுக்குள் வந்தது. இல்லை, காதுக்கு வெளியே.

“பொதுன்னா வழி ரெண்டு பக்கமும் சாவி. நீ எழுதறது அங்க போகும். அங்க எழுதறது உங்கிட்ட வரும். மறந்துறாத.”

மறந்திருந்தாள்.

இரண்டாவது, பூட்டு. அதற்கு அவளிடம் கைவசம் ஒன்று இருந்தது. அதே ஒன்பது வரி. யாராவது முட்டினால் சத்தம் போடாமல் திறந்துவிடு. புதிதாக எழுத நேரமில்லாமல் பழையதையே எடுத்து மாட்டினாள். யாராவது என்றுதான் அதில் எழுதியிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து முட்டினால் என்று எழுதவில்லை. ஓர் ஆளையே காவு வாங்கிய தப்பை அவள் இன்னும் திருத்தவில்லை பாருங்கள்.

திற.

எண்ணி நின்றுவிட்டது. ஆறில் நின்றது. மறுபடி ஏறவில்லை. தட்டிக்கொண்டிருந்த கை, கதவு திறந்ததும் தட்டுவதை நிறுத்துமே, அப்படி.

குடிதண்ணீர் இயந்திரம் குமிழி விடவில்லை. குளிரூட்டியின் இரைச்சல் எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. வெயில் கோடுகள் மட்டும் தரைவிரிப்பில் கிடந்தன. பக்கத்து நாற்காலியின் சக்கரம் ஒன்று மெல்ல, மிக மெல்ல, கிறீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை. திரையில் தன் பெயரைப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் ஐந்து. அவன் பெயருக்கு ஆறு. ஓரிடம் கூடுதலாக வேண்டும். அந்த வரியின் கடைசியில் சரியாக ஓரிடம் காலியாக இருந்தது. போன வாரம் பார்த்தபோது அங்கே காலியிடம் இருந்ததாக நினைவில்லை.

முதல் எழுத்தை அழித்தாள். அவன் எழுத்தை வைத்தாள்.

வாயில் இருமல் மிட்டாய் ருசி.

இரண்டாம் எழுத்து. இடது தோள் வலித்தது. அவனுக்குத்தான் இடது தோள் வலி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முடித்துவிடு, முடித்துவிட்டு ஓடு.

மூன்றாம் எழுத்து. காலையில் மகளுக்குத் தலை வாரினாளே, ரிப்பன் என்ன நிறம்? யோசித்தாள். வரவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. ஒரு மாடிப்படி. கையில் சூடான சாப்பாட்டு டப்பா. மனம் லேசாக இருக்கிறது. திரையைப் பூட்டவில்லையே என்று ஒரு கணம் நின்று, சாவி பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டு இறங்குகிற கால்கள். அவளுடைய கால்கள் இல்லை.

நான்காம் எழுத்து. நீள மேசை. காகிதம். கனைத்துத் திரும்பினால் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மேசையின் விளிம்பையே பார்க்கிறாள். நிமிர மாட்டேன் என்கிறாள். நிமிரேன், தாயே. ஒரே ஒரு தடவை நிமிரேன். அந்த முகம் யாருடையது என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது, அவளுடையதேதான்.

நிறுத்த நினைத்தாள்.

விரல் நிற்கவில்லை.

ஐந்தாம் எழுத்து. ஒரு சுவர். இரண்டு மாதம். சுவரில் ஒரு விரிசல். அடுத்த அறையில் மனைவி மெதுவாக அழுகிறாள், கேட்கக் கூடாதென்று துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். ஞாபகம் வந்தால் சொல்லிவிடுவாள். வரும். வரும்.

ஆறாவது.

ஒரு காலை. இமை திறக்கவில்லை. வெளிச்சம் இமை வழியே சிவப்பாகத் தெரிகிறது. நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்கிறது. கத்த வேண்டும். நாக்கு எழவில்லை. எல்லாம் தெரிகிறது. எல்லாம் கேட்கிறது. ஒன்றையும் அசைக்க முடியவில்லை.

வெளிச்சம்.

அலுவலகம்தான். வெயில் கோடுகள். குளிரூட்டி மறுபடி இரைந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். பெருமூச்சு விடப் பார்த்தாள்.

மூச்சு அவள் சொன்னபடி வரவில்லை.

திரை வேறு கோணத்தில் இருந்தது. வலது பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதன் முதுகில் ஒரு கைப்பை தொங்கியது. அது அவளுடைய கைப்பை. அவளுடைய நாற்காலி. அவள் உட்கார்ந்திருந்தது பள்ளம் விழுந்த மெத்தையில்.

விசைப்பலகையின் மேல் இரண்டு கைகள் இருந்தன. அவளுடைய கைக்கடிகாரம் கட்டிய, அவளுடைய மோதிரம் போட்ட கைகள். அவை நிதானமாக ஒரு வேலை செய்தன. முதலில் அந்த ஒன்பது வரியை எடுத்து எறிந்தன. பிறகு அந்தப் பக்கத்தைத் தேர்ந்தன. பிறகு, கனைப்பு. ஒன்று, இரண்டு. அவள் தொண்டையிலிருந்து.

பூட்டு.

படிக்கலாம். எழுத முடியாது.

அவள் கையை இழுக்கப் பார்த்தாள். திரையின் மூலையில் எண்ணி ஏழானது.

கைகள் நாளைய விசாரணைக்காரர்களுக்கு ஒரு கடிதம் தொடங்கின, அவளுடைய கணக்கிலிருந்து. அந்த மதியம் அந்த இருக்கையில் உட்கார்ந்து அந்த வரிகளைச் சேர்த்தது நான்தான். அவர் அப்போது சாப்பிடப் போயிருந்தார். பழைய கோப்பில் இருந்த பெயரை இன்று மாற்றியதும் நான்தான். ஒரு தப்பெழுத்து இல்லை. அவன் எப்போதும் அப்படித்தான் எழுதுவான். வேண்டாம் என்று கத்தினாள். பன்னிரண்டு. அந்தக் கையைப் பிடித்து முறிக்கப் பார்த்தாள். முப்பது. அனுப்பு என்ற இடத்துக்கு விரல் போனபோது இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி முட்டினாள். எழுபத்தொன்று. விரல் தடுமாறக்கூட இல்லை. கடிதம் போய்விட்டது.

கைபேசி அதிர்ந்தது. வலது கை அதை எடுத்துக் காதில் வைத்தது.

“அம்மா! இன்னும் கெளம்பலையா நீ?”

கனைப்பு. ஒன்று, இரண்டு.

“குட்டி” என்றது அவள் வாய்.

அந்தப் பக்கம் குழந்தையின் குரல் சந்தோஷத்தில் குதித்தது.

“பூட்டு மாமா! ஊர்லேர்ந்து எப்ப வந்தீங்க? அம்மா எங்க மாமா?”

இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் குட்டி, அது மாமா இல்லை. நூற்றுப் பத்து. நூற்று அறுபது.

“அம்மாவா?” என்று அவள் வாய் மிகவும் பிரியமாகச் சொன்னது. “அம்மா பக்கத்துலதான் இருக்கா.”

“ஃபோன அம்மாகிட்ட குடுங்க மாமா.”

கண்கள் திரையின் மூலைக்குத் திரும்பின. எண்ணி ஏறிக்கொண்டே இருந்தது. இருநூறு. முந்நூறு. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மேசையின் விளிம்பை அவள் பார்த்துக்கொண்டிருந்த அளவு நேரம் பார்த்தான்.

“இப்ப முடியாதுடா கண்ணு. அம்மா படிச்சிட்டிருக்கா.”

கை கைபேசியை வைத்துவிட்டு, காலி நாற்காலியின் முதுகிலிருந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியது. பிறகு, அவளுடைய அந்தக் காலி இருக்கையின் திரையை அணைக்காமல், பூட்டிவிட்டு நடந்தது. கருத்த திரையின் மூலையில் ஆயிரத்து நான்கு, ஆயிரத்து ஐந்து, ஆயிரத்து ஆறு.